ஆறாவது பக்கத்தை யார் பார்த்துக்கிறது?

ஹேமக் வாங்கப் போறீங்களா? தாராளமா வாங்குங்க. ஆனா கடைசியா வாங்குங்க. முதல்ல கூரை, அடுத்தது வலை, மூணாவதாத்தான் தூளி. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நாளைக்கு இன்டர்னல் இருக்கிறவங்க இதோட கிளம்பலாம். மிச்சம் இருக்கிறவங்களுக்கு ஏன், எப்படின்னு சொல்றேன்.

ஃபைனல் இயர் வந்துட்டா நம்ம எல்லாருக்கும் மலை ஆசை வந்துடுது. பிளேஸ்மென்ட் கிடைச்சவன் கொண்டாட ஏற்காடு போறான், கிடைக்காதவன் மறக்க ஏலகிரி போறான். போறதுக்கு முந்தின வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்லைன்ல ஒரு ஹேமக் ஆர்டர் ஆகுது. ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்குது. மெல்லிசா பாராசூட் துணி, ரெண்டு கயிறு, ரெண்டு கொக்கி, எல்லாத்தையும் திணிக்க ஒரு சின்னப் பை.

அதோட விளம்பரப் படத்தை ஒரு தடவை நல்லா பாருங்க. ரெண்டு மரம், நடுவுல சாய்ஞ்சபடி ஒரு ஆள், கையில கப், பின்னாடி மாலைச் சூரியன். அந்தப் படத்துல எப்பவும் பகல்தான். மழை கிடையாது, கொசு கிடையாது, விடியக்காலை மூணு மணிக் குளிர் கிடையாது. ஆனா நீங்க அதுல ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கப் போறீங்கன்னா, தூக்கம் வருமா வராதான்னு முடிவு பண்றது இந்த மூணும்தான்.

ஒரு பெட்டி, ஆறு முகம்

நமக்கு ஒண்ணும் தூளி புதுசு கிடையாது. அம்மாவோட பழைய சேலையை உத்தரத்துல கட்டி, அதுல ஆடித் தூங்கி வளர்ந்தவங்க நம்மள்ல நிறைய பேர். ஹேமக் அதே தூளிதான், ஊர் மட்டும் வேற. கரீபியன் தீவுகள்ல வாழ்ந்த டைனோ மக்களோட படுக்கை அது. 1492-ல கொலம்பஸ் அந்தப் பக்கம் போன பிறகு ஐரோப்பாவுக்குப் போச்சு. 'ஹமாகா'ங்கிற அவங்க சொல்தான் ஸ்பானிஷ் வழியா இங்கிலீஷ்ல 'ஹேமக்' ஆச்சு. நம்ம வீட்டுத் தூளிக்கு மேல ஓடோ கான்கிரீட்டோ ஏற்கெனவே இருந்துச்சு. சுவர் இருந்துச்சு. காட்டோரம் கட்டுற தூளிக்கு அதையெல்லாம் நாமதான் பையில தூக்கிட்டுப் போகணும்.

இப்ப வீட்டுக் கொசுவலையை நினைச்சுப் பாருங்க. அது ஒரு பெட்டி. பெட்டிக்கு ஆறு முகம். மேல ஒண்ணு, சுத்தி நாலு, ஆக அஞ்சு முகத்தை வலை மூடுது. ஆறாவது முகம் எங்க? அதுதான் மெத்தை. வலையோட ஓரத்தை மெத்தைக்கு அடியில சொருகுறோமே, அப்பதான் பெட்டி முழுசாகுது. டென்ட்லயும் இதே கதைதான். அடியில தரைத்துணி சேர்த்துத் தைச்சே வருது.

ஹேமக்ல மெத்தையும் கிடையாது, தரையும் கிடையாது. ஆறாவது முகம்னு அங்க இருக்கிறது உங்க முதுகும், அதை ஒட்டி ஒரே ஒரு அடுக்குத் துணியும்தான். உங்க எடை அந்தத் துணியை இழுத்து, தோலோட ஒட்ட வைக்குது. அந்தத் தடிமன் கொசுவுக்கு ஒரு பொருட்டே இல்ல. கீழ இருந்து துணி வழியாவே கடிச்சிட்டுப் போகும். மேல மட்டும் வலை போட்டுக்கிட்டுப் படுத்தவன் காலையில முதுகைச் சொறிஞ்சிட்டே எழுந்திருக்கிறது இதனாலதான். குளிரும் அதே வழியாத்தான் வரும்.

அதனால வலையோ கூரையோ எதை வாங்கினாலும் ஒரு கேள்வியைக் கேளுங்க: ஆறாவது பக்கத்தை யார் பார்த்துக்கிறது? பதில் இல்லாத பொருளை கார்ட்ல இருந்து எடுத்துடுங்க.

வலை: எது, ஏன்

கடையில மூணு விதமா வரும்.

முதல் வகை, தலைப்பக்கம் மட்டும் மூடுற பாதி வலை. எடை ரொம்பக் குறைவு. பாக்கி உடம்பைப் போர்வையால மூடிக்கலாம்ங்கிற நம்பிக்கையில செஞ்சது. குளிர் நாட்டுக்கு சரி. 28 டிகிரி ராத்திரியில போர்வைக்குள்ள யார் இருப்பாங்க? நமக்கு வேண்டாம்.

ரெண்டாவது வகை, ஹேமக்கோடயே சேர்த்துத் தைச்சு, பக்கத்துல ஜிப் வச்சது. நம்ம ஊர்ல அதிகம் விக்கிறது இதுதான். பார்க்க முழுசா மூடின மாதிரி இருக்கும். ஆனா கீழ்ப்பக்கம் வலை இல்ல, அதே ஒத்தைத் துணிதான். இந்த வகைதான் வேணும்னா, அடியில ரெண்டு அடுக்குத் துணி இருக்கான்னு பார்த்து வாங்குங்க. ரெண்டு அடுக்குக்கு நடுவுல ஒரு பாயோ ஃபோம் ஷீட்டோ சொருகிட்டா கொசுவும் எட்டாது, குளிரும் குறையும்.

மூணாவது வகை, ஹேமக்கை மேல கீழ எல்லாப் பக்கமும் சுத்தி மூடுற குழாய் மாதிரி வலை. ரெண்டு முனையிலயும் நாடாவை இழுத்துக் கட்டிடலாம். முதுகுக்கும் வலைக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு தொங்குது. நான் ஓட்டு போடுறது இதுக்குத்தான். கொசு இல்லாத இடத்துல கழட்டி வச்சுடலாம், கிழிஞ்சா வலையை மட்டும் மாத்தலாம், நாளைக்கு வேற ஹேமக் வாங்கினாலும் இதே வலை உதவும்.

இதை வாங்கித்தான் ஆகணும்னும் இல்ல. கொசுவலைத் துணி மீட்டர் கணக்குல கிடைக்குது. ஜன்னலுக்கு வாங்குறாங்களே, அதே துணி. தையல்காரர்கிட்ட குடுத்து, நீளம் ஹேமக்கோட நீளத்துக்குச் சமமா, சுற்றளவு 3 மீட்டருக்குக் குறையாம ஒரு குழாய் தைச்சுக் குடுங்கன்னு சொன்னா போதும். பக்கவாட்டுல ஒரு மீட்டருக்கு ஜிப். ரெண்டு முனையிலயும் பாவாடை நாடா. அவருக்கு அரை நாள் வேலை. நமக்கு இதை விட சுலபமான மினி ப்ராஜெக்ட் கிடைக்காது.

ஓட்டையோட அளவையும் பாருங்க. மலேரியா தடுப்புக்காகக் குடுக்கிற வலைகள்ல சதுர அங்குலத்துக்கு 156 ஓட்டைங்கிறது பரவலா இருக்கிற கணக்கு. அங்குலத்துக்குப் பன்னிரண்டரை வருது, அதாவது ஒவ்வொரு ஓட்டையும் 2 மில்லிமீட்டருக்கும் கம்மி. கொசுவுக்கு இது போதும். ஆத்தோரம், உப்பங்கழி ஓரம் கண்ணுக்கே சரியா தெரியாத கடி ஈ இருக்கும். அங்க போறதா இருந்தா இன்னும் நெருக்கமான வலை வேணும். ஆனா நெருக்கம் கூடக் கூடக் காத்து குறையும். சமவெளியில வேர்த்து ஊத்தும். போற இடத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

வலை உடம்பைத் தொட்டா வலை இருந்தும் பிரயோஜனம் இல்ல. தொடுற இடத்துல கொசு வெளியில இருந்தே கடிக்கும். இதுக்குத்தான் ரிட்ஜ்லைன்னு ஒரு கயிறு. ஹேமக்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல, ஹேமக் நீளத்துல சுமார் 83 சதவீதம் நீளத்துக்கு ஒரு மெல்லிசான, இழுபடாத கயிறு கட்டணும். மரத்துக்கு மரம் தூரம் எவ்வளவா இருந்தாலும் தூளியோட தொய்வு மாறாம ஒரே மாதிரி இருக்கும். வலையை அந்தக் கயித்துல தொங்க விட்டா முகத்துல படாது.

தொய்வே இல்லாம கட்டில் மாதிரி இழுத்துக் கட்டினா நேரா படுக்கலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கோங்க. எடை W, கயிறு தரையோட கிடைமட்டத்துக்கு θ கோணத்துல இருந்தா, ஒவ்வொரு கயித்துலயும் இழுவிசை W-ஐ 2 sin θ-வால வகுத்தா வர்றது. 30 டிகிரின்னா 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ. 10 டிகிரின்னா 200 கிலோ. 5 டிகிரின்னா 400 கிலோ. கொக்கியோ கிளையோ எது முதல்ல போகும்னு உங்க அதிர்ஷ்டம். 30 டிகிரி தொய்வு விட்டு, துணியில குறுக்கா, கோணலா படுங்க. முதுகு நேராகும். அப்படிக் கோணலா படுக்கிறதுக்கு வலையிலயும் அகலம் வேணும். அதனாலதான் அந்த 3 மீட்டர் சுற்றளவு.

இன்னொரு விஷயம். வலை ராத்திரிக்கு மட்டும்னு நினைக்காதீங்க. டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசு பகல்ல கடிக்கிற கொசு. விடிஞ்ச பிறகு கொஞ்ச நேரமும், பொழுது சாயுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரமும்தான் அதுக்கு சுறுசுறுப்பான நேரம். அதாவது, நீங்க சூரியனை வச்சு போட்டோ எடுக்கிற அதே நேரம். செமஸ்டர் எக்ஸாமுக்கு முன்னாடி டெங்குல படுத்தவனைக் கேளுங்க, போட்டோவோட மதிப்பு சொல்லுவான்.

அப்புறம் எறும்பு. மாந்தோப்புல கட்டுறீங்கன்னா முதல்ல அண்ணாந்து பாருங்க. இலையைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டியிருந்தா அது முசுறு. கயிறு வழியா வரிசையா நடந்து வரும். வலையோட முனை நாடா இறுக்கமா இருக்கணும். கொசு விரட்டுற க்ரீமைக் கயித்துல நாலு விரல் அகலத்துக்குத் தடவி விடுறதும் நல்லது. இதுக்கு மேல அந்த மரத்தோட சண்டை வேண்டாம், வேற மரம் பாருங்க.

கூரை: அளவு முதல்ல, பிராண்ட் கடைசில

டார்ப், படுதா, தார்ப்பாய், எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் சரி. முதல் கேள்வி அளவு. கடையில கிடைக்கிற சாதாரண ஹேமக் 2.7 மீட்டர் நீளம்னு வச்சுக்குவோம். கட்டின பிறகு அதோட ரிட்ஜ்லைன் 2.7 பெருக்கல் 0.83, அதாவது சுமார் 2.25 மீட்டர். ரெண்டு பக்கமும் ஒரு அடி, 30 சென்டிமீட்டர், கூரை நீட்டிக்கிட்டு இருந்தாத்தான் சாய்ஞ்சு வர்ற மழை தலையையும் காலையும் தொடாது. மொத்தம் 2.85. ஆக, 3-க்கு 3 மீட்டர் சதுரப் படுதா போதும். நீளமான 3.3 மீட்டர் ஹேமக்னா 3.5 மீட்டர் நீளமாவது கூரை வேணும். ஹேமக்கைக் கடைசியா வாங்குங்கன்னு சொன்னேனே, அதுக்கு இதுவும் ஒரு காரணம். இருக்கிற கூரைக்கு ஏத்த தூளியை எடுக்கிறது சுலபம். தூளிக்கு ஏத்த கூரை தேட ஆரம்பிச்சா பட்ஜெட் பறக்கும்.

சதுரத்தை ரெண்டு விதமா கட்டலாம். நேரா கட்டினா ரெண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் சரிவு கிடைக்கும். மூலைவிட்டமா, பட்டம் மாதிரி கட்டினா முகடு 4.24 மீட்டர் நீளமாகும். பார்க்க கெத்தா இருக்கும். ஆனா நடுவுல 2.12 மீட்டர் இருக்கிற சரிவு, உங்க தலை இருக்கிற இடத்துல ஒரு மீட்டரா குறைஞ்சிடும். தூறலுக்குப் பட்டம் ஓகே. காத்தோட வர்ற மழைக்கு நேர் கட்டுதான்.

அடுத்தது துணி. விளம்பரத்துல 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'னு மட்டும் போட்டிருந்தா நம்பாதீங்க. தண்ணி தாங்குற அளவை மில்லிமீட்டர்ல சொல்லுவாங்க. 1500 மில்லிமீட்டர்னா, துணி மேல ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணியை நிறுத்தினாலும் அதுவரைக்கும் ஒழுகாதுன்னு அர்த்தம். கூரைக்கு அது போதும். நைலான் நனைஞ்சா நீளும், நடு ராத்திரி தொய்ஞ்சு உங்க மேல வந்து உட்காரும். பாலியஸ்டர் அவ்வளவா நீளாது. பாலியூரிதேன் பூச்சு உள்ள துணியை ஈரத்தோட மடிச்சு, வெயில்ல நிக்கிற கார் டிக்கியில போட்டு வைக்காதீங்க. வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்தப் பூச்சு பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சு போகும். நம்ம ஊர் வெயிலுக்கு இது முக்கியமான தகவல்.

இதெல்லாம் விலை ஜாஸ்தின்னா வெக்கப்படாம ஹார்ட்வேர் கடைக்குப் போங்க. நெல்லு மூட்டைய மூடுற அதே பாலித்தீன் தார்ப்பாய். எடைதான் ஒரே குறை. 9 சதுர மீட்டருக்கு 100 ஜிஎஸ்எம் தார்ப்பாய் 900 கிராம். 250 ஜிஎஸ்எம் எடுத்தா ரெண்டேகால் கிலோ. 50 ஜிஎஸ்எம் சிலிக்கான் பூச்சுத் துணின்னா அரைக் கிலோகூட இல்ல. பஸ்ல இறங்கி அரை கிலோமீட்டர் நடக்கிற ட்ரிப்புக்கு 900 கிராம் ஒரு பாரமே இல்ல. அந்த 450 கிராமைக் குறைக்க ஆயிரக்கணக்குல செலவு பண்ணணுமான்னு யோசிங்க. ஒட்டு போட்ட இடம் நடு முகட்டுல வராம இருக்கான்னு மட்டும் விரிச்சுப் பார்த்து வாங்குங்க. ஒழுகினா முதல்ல அங்கதான் ஒழுகும், நேரா உங்க மேல.

கட்டுற வித்தையைக் கத்துக்க வீடியோவைவிட நல்ல வாத்தியார் நம்ம தெருவுலயே இருக்காங்க. பந்தல் போடுற அண்ணன்கள். தார்ப்பாயோட கண் வளையம் காத்துல பிய்ஞ்சு போச்சுன்னா, ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள்ள வச்சு, வெளியில கயித்தால கழுத்தைக் கட்டி இழுப்பாங்க. அது பிய்யாது. பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கிக் கயித்துக்கு நடுவுல ஒரு துண்டு சேர்த்துக் கட்டிட்டா, காத்து உதறும்போது ட்யூப் இழுபட்டுக் கொடுக்கும், துணி கிழியாது.

காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ, அதுக்குக் குறுக்கா தூளியைக் கட்டுங்க. காத்துப் பக்கத்துக் கூரையைத் தரையை ஒட்டி இறக்கி முளை அடிங்க. கூரையோட திறந்த முனை காத்தைப் பார்த்து இருந்தா, அது கூரை இல்ல, புனல்.

மறந்துடாம இன்னொண்ணு. மரத்துல வழியுற மழைத்தண்ணி ஸ்ட்ராப் வழியா நடந்து நேரா தூளிக்குள்ள வரும். கூரைக்கு அடியில, தூளிக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்ட்ராப்ல ஒரு ஷூ லேஸைக் கட்டித் தொங்க விடுங்க. தண்ணி அது வழியா கீழ சொட்டிடும். நம்ம வீட்டு சன்ஷேடுக்கு அடியில ஒரு கோடு இழுத்திருப்பாங்களே, அதோட வேலையும் இதேதான். சிவில் நண்பர்கள் சந்தோஷப்படலாம். அந்த ஸ்ட்ராப்பும் ஒரு அங்குலமாவது அகலமா இருக்கட்டும். மெல்லிசான கயிறு மரத்தோட பட்டையை அறுத்துடும்.

கீழ இருந்து வர்ற குளிர்

கூரையும் வலையும் சரியா கட்டியாச்சு. ஆனா ஊட்டி, கொடைக்கானல் பக்கம்னா வேலை முடியல. தரையில படுத்தா முதுகுக்குக் கீழ காத்து ஓடாது. தூளியில ஓடும். ஓடிக்கிட்டே உங்க உடம்புச் சூட்டை எடுத்துட்டுப் போகும். ஸ்லீப்பிங் பேக் இருக்கேன்னு கேப்பீங்க. அதுக்குள்ள இருக்கிற பஞ்சு உங்க எடையில நசுங்கிடும். நசுங்கின பஞ்சுல காத்து நிக்காது, காத்து நிக்காத இடத்துல சூடும் நிக்காது. அதுக்குன்னே தூளிக்கு வெளியில, அடியில தொங்குற குயில்ட் விக்குது. விலையைப் பார்த்தா குளிரே பரவாயில்லன்னு தோணும். யோகா மேட் ஒண்ணை உள்ள போட்டுக்கோங்க. கொஞ்சம் நழுவும், ஆனா வேலை செய்யும். கொசுவுக்கும் அது ஒரு தடுப்பு.

எந்த ஊர், எந்த மாசம்

ஒரே செட் எல்லா ஊருக்கும் சரிப்படாது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் வால்பாறை, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அங்க கூரைதான் ராஜா, கூடவே அட்டைப்பூச்சி. அட்டையை வலை மட்டும் தடுக்காது. அது நீங்க நிக்கும்போது கால்ல ஏறி, உங்களோடயே உள்ள வரும். ஏறுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுக் காலைப் பார்த்துட்டு ஏறுங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, சமவெளியும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளும் நனையும். கொசுவும் உச்சத்துல இருக்கும், வலையும் கூரையும் ரெண்டும் வேணும். ஏப்ரல், மே கோடை மழை சாயங்காலமா இடியோட வரும். இடி இறங்குற நேரத்துல மரத்தடியில எந்தக் கூரையும் கூரை கிடையாது. தூளியை விட்டுட்டுக் கட்டடத்துக்கோ காருக்கோ போயிடுங்க. தென்னை மரத்துல கட்டவே கட்டாதீங்க, தேங்காய் விழுறதுக்கு சீசன் கிடையாது.

புல்லும் புதரும் உள்ள இடத்துல இருக்கிற சின்னப் பூச்சி கடிச்சு வர்றதுதான் ஸ்க்ரப் டைஃபஸ், உண்ணிக் காய்ச்சல்னும் சொல்றாங்க. தமிழ்நாட்டுல இருக்கிற நோய்தான். தூளி தரையை விட்டு மேல இருக்கிறது இதுல ஒரு லாபம். ஆனா பையையும் சட்டையையும் புல்லுல போட்டுட்டு, அதையே எடுத்துத் தூளிக்குள்ள வச்சா அந்த லாபம் போச்சு. எல்லாத்தையும் கயித்துல மாட்டுங்க. ஊருக்குத் திரும்பி ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல் வந்தா, 'மலைக்குப் போனேன், புதர்ப் பக்கம் தங்கினேன்'னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா மாத்திரையிலயே சரியாகுற நோய், விட்டா உயிருக்கே ஆபத்து.

இடம் பத்தியும் ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம தங்காதீங்க. 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில 20-க்கும் மேற்பட்டவங்க இறந்ததை நாம மறந்துடக் கூடாது. அனுமதி உள்ள கேம்ப்சைட், தெரிஞ்சவங்க தோட்டம், ஹோம்ஸ்டே வாசல், இதுவே நிறைய. கூரைக்கு அடியில அடுப்போ கொசுவத்திச் சுருளோ வைக்காதீங்க. நைலான் எரிஞ்சா உருகித் தோல்ல ஒட்டும்.

'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மச்சான்'

இதுக்கு வர்ற எதிர்வாதம் எனக்குத் தெரியும். ஓடோமாஸ் தடவினா போதாதா? ஒரு ராத்திரி முழுக்க, வேர்வையோட, முதுகு வரைக்கும் தடவ முடிஞ்சா பாருங்க. டென்ட் வாங்கலாமே? சமதளமான தரை கிடைச்சா டென்ட் நல்லதுதான், நான் மறுக்கல. சரிவு, கல்லு, சேறுன்னு இருக்கிற இடத்துல தூளி ஜெயிக்கும். மழை வராதுன்னு ஃபோன்ல போட்டிருக்கே? மலையில ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம் ஃபோனுக்கே சிக்னல் இருக்காது.

நான் உண்மையிலேயே பதில் சொல்ல நினைக்கிறது நாலாவது வாதத்துக்கு: 'ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.' எட்டு பேர் போற கேங்ல அட்ஜஸ்ட் பண்றது யார்னு கவனிச்சிருக்கீங்களா? நல்ல டென்ட் வச்சிருக்கிறவன் அட்ஜஸ்ட் பண்ண மாட்டான். காசு கணக்குப் பார்த்து, ஷேர் குடுக்கவே கஷ்டப்பட்டு, 'எனக்கு எதுவும் வேணாம்டா, நான் சும்மா படுத்துக்கிறேன்'னு சொல்றவன்தான் அட்ஜஸ்ட் பண்ணுவான். காய்ச்சல் வந்து ஹாஸ்பிட்டல் பில் வந்தா தாங்க முடியாததும் அவனுக்குத்தான்.

அதனால இது தனி ஆள் ஷாப்பிங் இல்ல, கேங்கோட செலவுன்னு பாருங்க. ஆளுக்கு ஒரு ஹேமக் வாங்குற காசுல, முதல்ல எல்லாருக்கும் சேர்த்து ரெண்டு பெரிய படுதா, ஆளுக்கு ஒரு தைச்ச வலை, ஒரு பண்டல் கயிறு. ஒரே படுதாவுக்கு அடியில ரெண்டு மூணு தூளி பக்கத்துல பக்கத்துல தொங்கலாம். மிச்சக் காசுக்கு எத்தனை ஹேமக் வருதோ வரட்டும். ஹேமக் பத்தலன்னா யார்கிட்டயாவது கடன் கேக்கலாம், அதைக் கடன் குடுக்க ஹாஸ்டல்ல பத்து பேர் இருப்பாங்க. படுதாவையும் வலையையும் கடன் குடுக்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, ஏன்னா யாருமே வாங்கியிருக்க மாட்டாங்க. நீங்க பாஸ் அவுட் ஆகும்போது அந்த செட்டை ஜூனியர்களுக்கு விட்டுட்டுப் போங்க. நல்ல படுதா நாலஞ்சு பேட்ச் தாங்கும்.

வாங்கின பிறகு நேரா மலைக்குப் போகாதீங்க. முதல் ராத்திரியை வீட்டு மொட்டை மாடியிலயோ, வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சொல்லிட்டு ஹாஸ்டலுக்குப் பின்னாடி ரெண்டு வேப்ப மரத்துலயோ கழிச்சுப் பாருங்க. கூரை மேல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, உங்க நண்பர்கள் அதை ரொம்ப ஆர்வமா செய்வாங்க. நனைஞ்சீங்கன்னா பத்து அடியில ரூம் இருக்கு. காலையில எழுந்ததும் கண்ணாடியில முதுகைப் பாருங்க. ஒரு தடிப்புகூட இல்லன்னா ஆறாவது பக்கம் சரியா மூடியிருக்கு. அடுத்த வாரம் பஸ் டிக்கெட் போடலாம்.